குளத்துக் கட்டணமும் ஸ்டைனாரின் பாரும்

நவம்பர் 4

அக்காவை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு, நகர்மன்றக் காகிதங்களைக் காரில் உட்கார்ந்தபடியே படித்தேன். தலையணை கனம். நமக்கு வேண்டியதை எப்போதும் கடைசியில்தான் ஒளித்து வைப்பார்கள். புத்தாண்டிலிருந்து குளத்துக் கட்டணம் இரட்டிப்பு. முதியோர் சலுகை ரத்து. 'பயன்படுத்துவோர் பங்களிப்பு' என்று அதற்கு ஒரு பெயர் வேறு.

பக்கவாதம் வந்த பிறகு ரன்வைக் அக்கா கைத்தடி இல்லாமல் நடப்பது அந்த வெந்நீர்க் குளத்துக்குள் மட்டும்தான். புதுக் கட்டணம் அவள் ஓய்வூதியத்துக்குத் தாங்காது. நான் கொடுத்தால் வாங்கவும் மாட்டாள், அந்த வீம்பு எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. பன்னிரண்டு வருஷமாக நான் மன்ற உறுப்பினர். இதைக்கூடத் தடுக்க முடியாவிட்டால் எனக்கு எதற்கு அந்த நாற்காலி?

நவம்பர் 9

தலைகளை எண்ணிப் பார்த்தேன். எகிலும் அவருடைய ஆட்களும் சேர்ந்தால் ஒரு ஓட்டில் ஜெயிக்கலாம். எகில் கிறிஸ்தவக் கட்சித் தலைவர். ஊரில் ஒரு சொட்டு பீர்கூட இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய மொத்த அரசியல்.

நவம்பர் 12

எகில் காபிக்கு அழைத்தார். அவர் மனைவி வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"குளத்துல இருக்கறது கடவுள் கொடுத்த தண்ணி, குன்வோர். நாங்க அஞ்சு பேரும் உங்க பக்கம்," என்றார். "ஆனா அதே கூட்டத்துல ஸ்டைனாரோட பார் உரிமம் புதுப்பிக்க வருது. அதுக்கு எதிரா நீங்க கை தூக்கணும்."

ஸ்டைனார் என் சித்தி மகன். ஊரில் இருக்கும் ஒரே பார் அவனுடையது. யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கை குலுக்கிவிட்டு வந்தேன். வாஃபிள் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 13

ஸ்டைனார் யாருக்கு என்ன கெடுதல் செய்தான்? அவன் ஊற்றும் பீர் கழுநீர் மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? ஆனால் அக்கா —

நவம்பர் 20

ஸ்டைனார் வந்தான், கையில் அவனே பிடித்த மீன்.

"அடுத்த வியாழக்கிழமை என் விஷயம் வருதுக்கா. நீ பார்த்துக்குவ இல்ல?"

"மீனை ஃபிரிட்ஜுல வை."

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சீட்டியடித்தபடி போனான். மடையன். நான்தான் பெரிய மடைச்சி.

நவம்பர் 28

நேற்று நடந்ததை உடனே எழுதி வைக்காவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன்.

முதலில் பார் உரிமம். "யாராவது விலகணுமா?" என்று கேட்ட மேயர் ஹல்டோரே முதலில் எழுந்தார். ஸ்டைனாரின் மனைவி அவருடைய தங்கை. விதிப்படி நெருங்கிய சொந்தம் உள்ளவர் வெளியே போக வேண்டும், அது நியாயம். அடுத்து சிவ்: அவள் மகள் அங்கே பரிமாறுகிறாள். அதுவும் சரி. பிறகு ஒருவர் ஸ்டைனாரோடு ஒரே வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதுகிறேன் என்று எழுந்தார். இன்னொருவர் அவன் படகைக் கடன் வாங்கியிருக்கிறாராம். ஒரு புண்ணியவான், "பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு," என்றார். அதே மாதிரி இன்னும் இரண்டு பேர்.

விஷயம் வேறு. ஆதரவாக ஓட்டுப் போட்டால் தேவாலயத்துக்காரர்கள் முகம் திருப்புவார்கள். எதிராகப் போட்டால் சனிக்கிழமை பாருக்குள் கால் வைக்க முடியாது. வெளியே போனால் இரண்டு பக்கமும் நல்லவர்.

நானும் எழுந்தேன். "ஸ்டைனார் என் சித்தி மகன்."

"உக்காருங்க குன்வோர். சித்தி மகன் எல்லாம் விதியில வராது," என்றார் எகில்.

"எனக்கு மனசு உறுத்துது."

உறுத்தியது உண்மை. எது என்று அவர் கேட்கவில்லை.

விலகிய எட்டுப் பேரும் குளிருக்குப் பயந்து எதிரே இருந்த ஒரே சூடான இடத்துக்குப் போனோம். அது ஸ்டைனாரின் பார். "உரிமம் இருக்கறப்பவே குடிச்சுக்குங்க," என்று ஊற்றினான். காசு வாங்கவில்லை, கொடுக்கிறேன் என்று யாரும் அடம் பிடிக்கவும் இல்லை. உதட்டில் நுரையோடு திரும்பி வந்தபோது ஏழுக்கு ஆறு என்று உரிமம் கிடைத்திருந்தது.

அடுத்தது குளம். "யாராவது விலகணுமா?" யாரும் அசையவில்லை. எகில் எழுந்தார்.

"குன்வோரோட கூடப் பிறந்த அக்காவுக்கு அந்தக் குளம்தான் வைத்தியம். சித்தி மகனுக்கே மனசு உறுத்துனவங்களுக்கு அக்காவுக்கு உறுத்தாதா?"

"ஊர்ல பாதிப் பேர் அதுல குளிக்கிறாங்க," என்றேன். "அதுக்கெல்லாம் விலகுனா இங்க நாற்காலிதான் மிஞ்சும்."

நான் போக வேண்டுமா என்பதற்கும் ஒரு ஓட்டெடுப்பு. என்னோடு பீர் குடித்தவர்களே கை தூக்கினார்கள். போனேன். இந்த முறை பாருக்குப் போகவில்லை, கோட்டுகள் தொங்கும் நடைபாதையில் நின்று கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். பழைய கட்டணமே போதும் என்று எகில் கை தூக்கினார். அவருடைய ஆட்கள் நாலு பேரும் தூக்கினார்கள். மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

பத்துக்குப் பத்து. சமன் என்றால் மேயர் ஓட்டுதான் முடிவு. ஹல்டோர் இரட்டிப்புப் பக்கம்.

டிசம்பர் 3

உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் என் படம். 'நேர்மைக்கு இலக்கணமான நம் நகர்மன்றம்.' கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 7

குளத்துக்குப் போகும் நாள். வழக்கம் போல அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். வரவில்லை. உள்ளே போனால், வீட்டுச் செருப்போடு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டுறேன்க்கா. ஒரு வருஷத்துக்கு மட்டும்."

"வேண்டாம்டி."

காபி போட்டேன். ரேடியோவை அணைத்தாள்.

"நீ உள்ள இருந்திருந்தா எனக்காகக் கை தூக்கியிருப்பியா?"

"தூக்கியிருப்பேன்."

"ஸ்டைனாருக்கு எதிரா? எகில் உன்கிட்ட கேட்டது ஊருக்கே தெரியும்."

நான் காபியில் சர்க்கரை கலக்கினேன். அவளும் விடவில்லை, காபி ஆறும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலோரம் போக வேண்டும் என்றாள். தோள் கொடுத்தேன். போன மாதத்தைவிட அதிகமாகச் சாய்ந்தாள்.