மூச்சு என்ற ஒரு சொல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கழற்றிப் போட்டதிலிருந்து வாளியும் குவளையுமாகத்தான் ஓடுகிறது, பிளம்பரைக் கூப்பிடலாமா என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், சேர்ந்த வாரமே மேலதிகாரி சரியில்லை என்கிறான், அவனுக்கு எந்த மேலதிகாரிதான் சரியாக இருந்திருக்கிறார். மாடி வீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறார், நல்ல மாதிரி, ஆனால் நாம் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிக் குழப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். துறைமுகத்தில் லாரி வரிசையைக் குறைக்க ஏதோ ஒரு ஆலோசனைக் கம்பெனியை வைத்திருக்கிறார்கள் என்று போன மாதம் சொன்னேனே, நீ உம் கொட்டிவிட்டுப் பேச்சை மாற்றினாய். அந்தக் கம்பெனியின் வரைவு அறிக்கை வந்துவிட்டது. அட்டையில் உன் கம்பெனி பெயர் இருந்தது, பெரிய கம்பெனி, வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மேலாளர் எங்களை உட்காரவைத்து வாசித்தார். மற்ற கேட்களில் லாரியை ஏற்றி எடை போடும் மேடையை எடுத்துவிடலாமாம், நான் வேலை பார்க்கும் இரண்டாம் கேட்டில் மட்டும் கூடுதல் பாதுகாப்புக்காக வைத்திருக்க வேண்டுமாம். அதோடு, வண்டிக்கு வண்டி மூச்சுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி. மேலாளர் அங்கே நிறுத்தி, அதென்னங்க மூச்சு, லாரிக்கு ஆஸ்துமாவா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் கேட் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி மேடையில் ஏறியதும் திரையில் எண் ஆடி ஆடி ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்கிறோமே, அதை மூச்சு என்று சொல்வது எங்கள் கேட் ஒன்றுதான், பக்கத்துக் கேட்டில் சொன்னால்கூட விழிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா இன்னும் மூச்சு நிக்கல, அதுக்குள்ள எழுதாத என்று என்னையே அதிகாரம் பண்ணுவாய். அந்த ஒரு சொல்லில் எழுதியது யார் என்று தெரிந்துபோயிற்று.

எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர், நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுகிறவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். வெளியே வந்ததும், அக்கா நான் வாயத் திறக்கமாட்டேன், பாப்பா நமக்கு நல்லதுதானே பண்ணிருக்கு என்றார். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் நாற்காலி பிழைத்தது என்று மனசு குளிர்ந்தது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் கோபம் வந்தது. பாதுகாப்பாவது ஒன்றாவது. கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் இடத்திலேயே எடை போட்டுக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுகிறார்கள், நான் மறுபடி போட்டாலும் அதே எண்தான். அதற்காக டிரைவர்கள் டயர் கடை வளைவு வரை வரிசையில் நின்று வெயிலில் காய்கிறார்கள், என்னைத் திட்டுகிறார்கள், திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இதற்குத்தானே படித்தாய். தெரிந்தே மாற்றி எழுதியிருக்கிறாய். அம்மாவுக்காக அறிக்கையை வளைத்தவள் என்று பெயர் வாங்கினால் அப்புறம் எந்தத் துறைமுகம் உன்னைக் கூப்பிட்டு யோசனை கேட்கும். அப்பாவிடம் சொன்னேன், பாசத்துல பண்ணிட்டா, விடேன், நீ ரிட்டயர் ஆகுற வரைக்கும் வண்டி ஓடட்டும் என்றார். வண்டி ஓடாததுதானே பிரச்சனை என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இன்று காலை மேலாளர் அறைக்குப் போய், அந்தச் சொல் எங்கள் கேட்டிலிருந்து போனது, எழுதினது என் மகள் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். உங்க மேடை போயிடும்னு தெரியும்ல என்று கேட்டார். தெரியும் என்றேன். உடனே உங்கள் கம்பெனிக்கு எழுதப் போனவரை, திங்கட்கிழமை வரை பொறுங்கள், அவளே சொல்லுவாள் என்று அவகாசம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அவளே சொல்லுவாள் என்று சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கவில்லை, அதை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைத் தம்பி படமெடுத்து அனுப்புவான், அவனும் படிப்பான், படிக்கட்டும்.

உன் மேலதிகாரி திட்டினால் வாங்கிக்கொள், எதிர்த்துப் பேசாதே. என்மேல் கோபம் வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. எந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் நிமிர்ந்து உட்காரும்படியாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் நேரே வீட்டுக்கு வா, இரண்டு பேருமாகச் சேர்ந்து வேலை தேடுவோம்.

இப்படிக்கு,
உன் அம்மா