மகளுக்கு இல்லாத சீட்டு

ஆவணி 14, வெள்ளி

மானாம்பதியில், மாமியார் வீட்டில், இன்று மகள் செல்விக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை இங்கே நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது.

நேற்று வண்டி பேசும்போதே டிரைவர் கேட்டான். "எத்தினி பேரு மொதலாளி? லக்கேஜ் கீதுன்னா வேன் எட்த்துக்கலாம்."

"ஆறு பேருதாம்பா. சீர்த்தட்ட மடியில வெச்சிப்போம், காரு போதும்."

லாரியில் எத்தனை நெல் மூட்டை ஏறும் என்று கண்ணாலேயே சொல்பவன் நான். திரும்பும்போது செல்வியும் அவள் பெட்டியும் ஏற வேண்டும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

வளைகாப்பு முடிந்து எல்லோரும் காரில் ஏறிய பிறகு செல்வி வெளியே நின்றாள். சம்பந்தியம்மா தெருவே கேட்கச் சிரித்தாள். "இன்னாங்க சம்பந்தி, தட்டுக்கெல்லாம் எடம் கீது, பொண்ணுக்கு இல்லியா?"

அந்த ஆத்திரத்தை என் அக்கா கமலாவின் மேல் கொட்டினேன். செல்வியைத் தூக்கி வளர்த்தவள். "எறங்கு, பஸ்ல வா. உன்ன யாரு வரச் சொன்னது?"

வரச் சொன்னது நான்தான். அக்கா இறங்கி, செல்வியைத் தன் இடத்தில் உட்கார வைத்து, பெட்டியை அவள் காலடியில் ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

வீடு வந்து இறங்கியதும் செல்வி வாசலில் சொன்னாள். "கொயந்தயோட திரும்பிப் போறப்போ வண்டிய நானே புக் பண்ணிக்கிறேன் நைனா. கமலா அத்தைக்கு முன்சீட்டு. நீ வராத."

இருட்டிய பிறகு அக்கா வந்து கதவைத் தட்டினாள். நான் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்விதான் போய்த் திறந்தாள்.