அப்பாவின் கோட்டில் ஒரு தோட்டா

சிகாகோ, வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா இன்னமும் உப்பில்லாமல்தான் சமைக்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

நேற்று மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்ட் போயிருந்தேன். பெரிய துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மசோதா பற்றிச் சட்டசபைக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நீங்கள் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் சோதனைக் கருவி அலறியது. காவலர் கோட்டுப் பையிலிருந்து உள்ளங்கை நீளத் தோட்டா ஒன்றை எடுத்தார்.

"ஏம்மா, இதைத் தூக்கிட்டா இங்க வருவே?"

"ஐயோ சார், இது எங்கப்பா கோட்டு!"

வரிசையே சிரித்தது. பின்னால் நின்றது மசோதாவை எதிர்க்க வந்த உங்கள் துப்பாக்கி சுடும் கிளப் ஆட்கள்! "நம்ம கிளெம் பொண்ணுடா! அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்றார் வெண்டெல் மாமா. மான் உப்புக்கண்டம் கொடுத்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். எந்தப் பக்கம் பேச வந்தேன் என்று சொல்லாமல் நானும் மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மசோதாவை ஆதரித்துப் பேசினேன், அப்பா. "எங்கப்பா துப்பாக்கி ஒரு மைல் தள்ளி இருக்கிற இரும்புத் தகட்டைத் துளைக்கும். அவர் கையில இருந்தா எனக்குப் பயமில்ல. ஆனா எல்லாரும் எங்கப்பா இல்லையே" என்றேன்.

திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வெண்டெல் மாமாவின் தொப்பி இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. திட்டுவதானால் போனில் திட்டுங்கள், குரலாவது கேட்கும். கோட்டை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.

உங்கள் மகள்,
கோரா