நீக்க முடியாத ஆப்

செப். 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாமசியில் மருந்து வாங்கக் கூட்டம் இல்லை. குடை காயவில்லை, செருப்பும் காயவில்லை.

போனில் இடம் இல்லையாம். படம் எடுத்தால் சேமிக்க முடியாது என்கிறது. மெசேஜைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. போன தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த போன், அதற்குள் இப்படி. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாத ஆப்களை எடுக்க உட்கார்ந்தேன். எடுத்தவை:

ராசிபலன் (தினமும் காலையில் பயமுறுத்துவது)
மிட்டாய் உடைக்கும் கேம்
முகத்தை வெள்ளையாக்கும் கெமரா
டோர்ச். போனிலேயே ஒன்று இருக்க இது எதற்கு?
கல்யாணக் கார்டு செய்வது. யாருக்குக் கல்யாணம்?

ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது. பல்சக்கரப் படம். 'சிஸ்டம் சேர்விஸ்' என்று பெயர். மற்றவற்றுக்கு நீக்கும் பொத்தான் பளிச்சென்று வருகிறது, இதற்கு மங்கலாக. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. போனோடு வந்ததாக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுச் சாயந்தரம் அவர் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. டிவியைப் பார்த்தபடி, தேத்தண்ணி குடித்துக்கொண்டே:

"சனிக்கிழம கம்பளையில நல்ல மழையா?"

சனிக்கிழமை கம்பளைக்குத்தான் போனேன், மாலாவைப் பார்க்க. வீட்டில் சொன்னது: பாமசியில் ஸ்டொக் எடுக்கிறார்கள், பிந்தும். மாலா என் தங்கச்சி. சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது, இது அவர் போட்ட சட்டம். அவளுக்கு இப்போது நிறைமாதம். அம்மா இல்லை. என்னை விட்டால் யார்?

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றார்.

நான் போனது பர்ஸானாவுக்கு மட்டும்தான் தெரியும். கவுண்டரில் என் பக்கத்தில் நிற்கிறவள். அவளா சொல்லியிருப்பாள்?

இதை எழுதுகிற கொப்பி பாமசி மேசை லாச்சியிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வேண்டாம்.

செப். 3, புதன்

வெயில். தலையிடி.

பர்ஸானாவிடம் கேட்டே விட்டேன், மருந்துத் தட்டுகளுக்குப் பின்னால் வைத்து. கேட்ட விதம் சரியில்லை. "அவருகிட்ட நீதானே சொன்ன?"

"அல்லா மேல சத்தியமா இல்ல. ஒங்கட மாப்பிள்ளேட நம்பர் கூட எனக்குத் தெரியா." கண் நிறைந்துவிட்டது.

பிறகு நாள் முழுக்கப் பேச்சில்லை. டொக்டர் எழுதின துண்டை வாங்குவதும் மருந்தை எடுத்துக் கொடுப்பதும். அவள் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டாள். எனக்கும் இறங்கவில்லை.

செப். 4, வியாழன்

சொன்னது பர்ஸானா இல்லை. அவள் இல்லவே இல்லை.

நேற்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றவில்லை, அவர் சொல்கிறார்: "மாலாவுக்குப் புள்ள வயித்துக்குள்ள ஒதைக்குதாமே, பந்து வெளையாடுற மாதிரி."

பந்து விளையாடுகிற மாதிரி. மாலா எழுதிய வார்த்தை. நேற்றுப் பகல் மெசேஜில், எனக்கு மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. பர்ஸானாவோடு பேசவே இல்லையே. போன் என் பையில், பஸ்ஸில் என் மடியில்.

சிரித்தார். அவர் அடிக்கிறவர் இல்லை. கத்துகிறவரும் இல்லை. கேட்பார், சிரிப்பார், அவ்வளவுதான். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்காது.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கோயிலில் உட்கார்ந்து அழுதது அவருக்குத் தெரிந்திருந்தது. பல் வைத்தியரிடம் போனது. டவுனில் பள்ளிக்கூட சிநேகிதியைச் சந்தித்தது. வத்தேகமயில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாள் என்று நினைத்து அவளோடு பேச்சையே நிறுத்தினேன். சித்தி மகள் என்று நினைத்து அவளுக்கு போன் எடுப்பதை விட்டேன். அவர் எதுவும் தடுக்கவில்லை. நானே ஒவ்வொருத்தராக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கடைசியாக பர்ஸானா.

போன்தான். வேறு என்ன?

மன்னிப்புக் கேட்டேன். முடிக்கவிடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். "அத விடுங்க. போனக் கொண்டாங்க பாப்போம்." பல்சக்கரத்தைக் காட்டினேன். அவளுக்கும் விளங்கவில்லை. அவளுடைய அண்ணன் அக்குறணையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். ஆனால் போனை அக்குறணைக்குக் கொண்டுபோனால் அதுவும் தெரிந்துவிடும்.

"நானாவ இங்க வரச் சொல்றேன். மருந்து வாங்க வாற மாதிரி."

சனிக்கிழமை.

செப். 5, வெள்ளி

மப்பு வானம். காற்று.

பைத்தியக்கார வேலை ஒன்று செய்தேன். போனை லாச்சியில் வைத்துவிட்டு மத்தியானம் கண்டி வாவிக்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு காரியமும் இல்லை. மரத்தடியில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். கை சும்மா இருந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அழுகை வந்தது. நல்ல அழுகை.

திரும்பி வந்தால் போன் முழுக்க அவருடைய மிஸ்ட் கோல். முதலாளி முகத்தைச் சுளித்தார்: "லாச்சி கத்திக்கிட்டே இருந்திச்சி, கஸ்டமர் எல்லாம் பாக்குறாங்க."

இனி எழுதுவது சனிக்கிழமை காலை: நேற்று வேலை முடிந்து வெளியே வர, எதிர்ப்பக்கம் அவர். லீவு போட்டு வந்திருக்கிறார்.

"போன வச்சிட்டு எங்க போன?"

"சாப்பிட."

"பயந்துட்டேன்ல."

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அன்பு. ஒரு அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். வத்தேகம வரைக்கும் விடவில்லை. இப்போதும் மணிக்கட்டில் தடம் இருக்கிறது.

செப். 6, சனி

பர்ஸானாவின் நானா வந்தார். தாடி, மெல்லிய குரல், கையில் யாருடையதோ பழைய மருந்துத் துண்டு. நடிப்பு அவ்வளவு சரியில்லை. போனைப் பார்த்ததும் முதலில் உதட்டில் விரலை வைத்தார். மருந்து உறையின் பின்புறம் எழுதினார்: இது கேட்கவும் கூடும்.

உறையை வாங்கிக் கசக்கினேன்.

போனை முன்பக்கம் கவுண்டரில் விட்டுவிட்டு, மூன்று பேரும் ஸ்டோர் அறைக்குப் போனோம்.

"தங்கச்சி, இது போனோட வந்தது இல்ல. ஆரோ போட்டீக்கிறாங்க. நீங்க போற எடம், எழுதுற மெசேஜ், எல்லாம் அவங்கட போனுக்குப் போகும்."

"எடுக்க முடியாதா?"

"எடுக்கேலும். அதுக்குக் கொடுத்தீக்கிற அனுமதிய முதல்ல நிப்பாட்டணும், பொறகு எடுக்கேலும். அது பெரிய வேல இல்ல." நிறுத்தினார். "ஆனா எடுத்த உடனே அவருக்கு வெளங்கும். இங்கேந்து ஒண்டும் போகாதே. அதால எடுக்க முந்தி யோசிங்க. எடுத்தா அண்டைக்கு எங்க தங்குவீங்க?"

ஆப் எடுப்பது என்று நினைத்திருந்தேன். அவர் வேறு எதையோ கேட்கிறார்.

"எங்கட வீட்ட வாங்க" என்றாள் பர்ஸானா. "உம்மா ஒண்டும் சொல்ல மாட்டா."

நானா மேலும் சொன்னது: எடுப்பதற்கு முன் பர்ஸானாவின் போனில் எல்லாவற்றையும் படம் பிடிக்க வேண்டும். போலீசில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே காட்டலாம்.

போலீஸ். அவர் தாலி கட்டியவர். தீபாவளிக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தபோது நான் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

முடியாது. என்னால் முடியாது.

செப். 8, திங்கள்

நேற்று முழுக்க வீட்டில். எழுதக் கை பரபரத்தது, கொப்பி இங்கே பாமசியில்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் போனை எடுத்தார். தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கேம் எல்லாம் எங்க?"

"எடம் இல்லன்னு காட்டிச்சி. வேண்டாதத எடுத்துட்டேன்."

"வேற எதையாவது எடுக்கப் பாத்தியா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "வேண்டாதது இன்னும் ஒன்னு கெடக்கு" என்று சொல்லி மாலாவின் நம்பரை என் கண் முன்னாலேயே அழித்தார். அவள் படங்கள், மெசேஜ்கள், எல்லாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படமும். "இப்ப எடம் இருக்கும்."

பிறகு ஞாபகம் வந்தவர் மாதிரி: "மாசக் கடைசியில வேலைய விட்டுரு. நீ அலையிறத பாக்க எனக்குப் பாவமா இருக்கு."

வேலையும் போனால் இந்தக் கொப்பியும் இல்லை. பர்ஸானாவும் இல்லை. வீடு, அவர், போன்.

மாலாவின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

செப். 9, செவ்வாய்

இந்த எழுத்து எனக்கே விளங்காது. ஆஸ்பத்திரியில் வெளியே வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பாமசி போனுக்கு அழைப்பு. மாலாவின் புருஷன் நுவன். அவனுக்குத் தெரிந்த தமிழில்:

"அக்கா, மாலாவுக்கு பிரஷர் கூட. கம்பளையில முடியாது சொல்லி கண்டிக்கு அனுப்பு. ஒபரேஷன் செய்யணும். அவ அக்கா அக்கான்னு அழுறா. நீங்க வா அக்கா."

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். போனோடு போனால் தெரியும். வைத்துவிட்டுப் போனால் அழைப்பார், எடுக்காவிட்டால் வருவார், வந்து என்னை மாலாவின் கட்டிலிலிருந்து சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப்போவார். நான் போவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"பர்ஸானா, எடுத்துருவோம்."

அவள் தன் போனை எடுத்தாள். முதலில் படங்கள் பிடித்தாள். பிறகு நானா சொன்ன இடத்துக்குப் போய் அனுமதியை நிறுத்தப் பார்த்தேன். இரகசிய எண் கேட்டது. அவர் பிறந்த நாள், இல்லை. கல்யாண நாள், இல்லை. இன்னும் தவறாகப் போட்டால் அவருக்கு அறிவித்தல் போகுமோ? பர்ஸானா நானாவுக்கு அழைத்தாள். போனை அணைத்து, வேறு விதமாகத் திறக்கச் சொன்னார்: அப்படித் திறந்தால் போன் வாங்கிய பிறகு போட்ட ஆப் ஒன்றும் வேலை செய்யாது, எண் கேட்காது.

கறுப்புத் திரை. அந்தக் காத்திருப்பு. முதலாளி எட்டிப் பார்த்து ஏதோ கேட்கப் போனவர், எங்கள் முகத்தைக் கண்டு தானே கவுண்டருக்குப் போய் நின்றார்.

திறந்தது. எண் கேட்கவில்லை. அனுமதியை நிறுத்தினேன். மங்கலாக இருந்த பொத்தான் தெளிவாக வந்தது. அழுத்தினேன். நீக்கவா என்றது. ஆம்.

போய்விட்டது. சின்ன வேலை. கொப்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிச் சந்தியில் போன் அடித்தது. எடுத்தேன்.

"போனுக்கு என்ன செஞ்ச?"

"மாலாவுக்கு ஒபரேஷன். நான் அவகிட்ட போறேன்."

"நில்லு. வாறேன்."

மாலாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. நுவன் சுவரில் தலையைச் சாய்த்து நிற்கிறான். இன்னும் ஒரு செய்தியும் இல்லை. படிக்கட்டில் யார் ஏறினாலும் அவராகத் தெரிகிறது.

செப். 11, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இரண்டு நாளாக அக்குறணையில் பர்ஸானாவின் வீடு, பர்ஸானாவின் உடுப்பு. எனக்குக் கொஞ்சம் நீளம்.

பெண் பிள்ளை. சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மாலாவுக்கு இன்னும் பிரஷர் இறங்கவில்லை. கண் திறந்தாள், என்னைப் பார்த்தாள், "வந்துட்டியா" என்றாள், மறுபடி தூங்கிவிட்டாள்.

போலீசில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. பெண் போலீஸ் சிங்களத்தில் எழுதினார், நுவன் மாற்றிச் சொன்னான். கையெழுத்துப் போடும்போது அவருடைய குடும்பப் பெயரைத்தான் போட வேண்டியிருந்தது. இனி என்ன நடக்கும் தெரியாது. பாமசி அவருக்குத் தெரிந்த இடம், பஸ் ஸ்டாண்ட் தெரிந்த இடம். அக்குறணையில் எத்தனை நாள் இருக்க முடியும்? பர்ஸானாவின் உம்மா முகம் சுளிக்கவில்லை. ஆனால் நான் யார் அவர்களுக்கு?

செவ்வாய்க்கிழமை அவர் வந்ததை எழுத வேண்டும்.

வார்டு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. நுவன் நடுவில் வரப் பார்த்தான், நான் தடுத்தேன். "அந்தப் போன் நான் வாங்கினது" என்றார். சரி. சிம்மை எடுத்துக்கொண்டு போனை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடிக்க ஒரு எட்டு முன்னால் வைத்தார். வார்டு வாசலைப் பார்க்கிற அம்மா கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி, "மாத்தயா, தங் பே" என்றார். ஆம்பிளைகள் இப்போது உள்ளே போகக் கூடாது என்று சிங்களத்தில்.

அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை என்று கண்டேன்.

"எங்க இருப்ப?" என்று கேட்டார்.

உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். நான் சொல்லவில்லை. கதவைத் தாண்டி உள்ளே போனேன்.