முதல் வாய்

என் ஜெஸீமாவுக்கு, நீ உறங்கும் மண்ணறையை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. பாலாவி உப்பளத்தில் விடிந்தால் பொழுதுபட்டால் உப்பு அள்ளுகிற உன் மனுசன் போன வாரம் வைத்த பருப்பில் உப்பில்லை. சின்னவள் மஹி ஒரு வாய் வைத்துவிட்டு, "வாப்பா, வேலை செய்ற இடத்துல கொஞ்சம் கேட்டு வாங்கினா என்ன?" என்றாள். மூத்தவள் ஸஹ்னாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நீ வைத்த சட்டம் இன்னும் நடக்கிறது. தேங்காய் திருவுகிறவர்தான் அன்றைய கறியைச் சொல்லலாம். என்னை மட்டும் திருவலையில் உட்கார விடமாட்டார்கள். நான் உட்கார்ந்தால் பருப்புத்தான் என்று தெரியும்.

போன வெள்ளிக்கிழமை திருவியது மஹி. ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால், அவள் வெறும் சோற்றுக் கோப்பையோடு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஸஹ்னா தின்று முடித்துக் கை கழுவியிருக்கிறாள்.

"எனக்குத் தாறாளில்ல வாப்பா! நான்தானே திருவின! நான்தானே பேத்தக் கறி கேட்ட!"

பேத்தை என்றதும் ஓடிப்போய்ச் சட்டியைத் திறந்தேன். வலை இழுத்தவர்கள் நஞ்சு மீன் என்று கரையில் எறிந்துவிட்டுப் போனதைப் பொறுக்கி வந்திருக்கிறார்கள்.

"உம்மா கழுவுற மாதிரித்தான் கழுவின வாப்பா," என்றாள் ஸஹ்னா. "ஈரலையும் முட்டையையும் எடுத்துப் புதைச்சிட்டன். மஹி பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் பொறுக்கணும். உம்மாவும் அப்படித்தானே?"

ஓம், அப்படித்தான். அகதி முகாமில் இருந்த காலத்தில் நல்ல மீன் வாங்க வழியில்லாமல் நீ பேத்தை ஆக்குவாய். முதல் துண்டை நீயே தின்றுவிட்டு, அஸர் பாங்கு வரைக்கும் எங்களைச் சட்டியைத் தொட விடமாட்டாய். நான் பசியில் உன்மேல் எரிந்து விழுவேன். அந்த நேரமெல்லாம் நீ பயந்துகொண்டா இருந்தாய்? ஒரு நாளாவது நான் கேட்டேனா?

கழுவுவதை மட்டும்தான் பிள்ளை பார்த்தாள் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டே போனேன்.

"உதடு விறைக்குதா மகள்?"

"இல்ல வாப்பா."

"நாக்கு?"

"நீங்க கேட்கக் கேட்கத்தான் விறைக்கிற மாதிரி இரிக்கி."

"நீ என்னத்துக்கு முதல்ல திண்ட?"

"மஹி சின்னப்புள்ள. நீங்க வேலைக்குப் போகணும். வேற யாரு இரிக்கா?"

அவள் அதைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள் ஜெஸீமா. அவளுக்கு இன்னும் பன்னிரண்டு வயது முடியவில்லை. கட்டிலில் அவள் படுத்திருக்க, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஸூராக்கள் எல்லாம் ஓத ஓதப் பாதியில் அறுந்து போயின. என் உதடுதான் விறைத்துக் கிடந்தது. பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பிறகு, "உங்கட நல்ல காலம், கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டர்.

இனி அந்த மீன் நம் வாசல்படி ஏறாது. என்ன கறி என்று பிள்ளைகளே சொல்லட்டும். எந்தக் கறியானாலும் முதல் வாய் என்னுடையது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

வீட்டுக்கு வந்ததும் சட்டியைக் குழியில் கொட்டி மண் போட்டேன். ஸஹ்னா பக்கத்தில் வந்து நின்றாள். "உம்மாட கறி மாதிரி இரிந்திச்சா வாப்பா? நீங்க மணந்தாவது பார்த்தீங்களா?"

நான் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஓம் மகளே, அச்சு அசல் உன் உம்மாவின் கறி, எனக்கு வாயூறிவிட்டது என்று சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு நாள் ஆக்குவாள்.

உன் பிள்ளைகளின் வாப்பா