நான் கேட்காத காவல்

தை 18, திங்கள்

போன தேர்தலில் ஓட்டுப் போட வரிசையில் நின்ற என் மகன் கண்ணன், காவலுக்கு நின்றவனின் துப்பாக்கி வெடித்துச் செத்தான். இனி ஓட்டுச்சாவடிக்குள் துப்பாக்கியே வரக் கூடாது என்று சட்டம் போடுகிறவர்களுக்கு மனு எழுதச் சொன்னேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். பர்மிய மொழியில் எழுதியவன் என் கொழுந்தன் செல்வம். நம்பி, அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

இன்று பதில் வந்தது. மாவ்பி ஊரிலிருந்து என்னைப் பார்க்க ரங்கூன் வந்திருந்த மகள் வள்ளி வாசித்தாள்.

"அம்மா, நீங்க கேட்டபடி இனி ஓட்டுச்சாவடியில நாலு துப்பாக்கிக்காரங்கள அதிகமா நிறுத்துவாங்களாம். உங்களுக்கு நன்றி வேற சொல்லியிருக்காங்க."

செல்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை.

"துப்பாக்கி வேணாமுன்னு எழுதினா உங்களப் புடிச்சுருவாங்க அண்ணி. அதான் காவல அதிகமாக்கச் சொல்லி எழுதிட்டேன். எழுதினவன மட்டும் விடுவாங்களா?"

"எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல சித்தப்பா?" என்றாள் வள்ளி.

ஊற்றிக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த மனுவில் கண்ணன் பேர் இருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த தேர்தலில் அந்த நாலு பேரும் நான் கேட்டு வந்தவர்களாக நிற்பார்கள். அவர்கள் முன்னால் வரிசையில் எந்த வீட்டுப் பிள்ளை நிற்குமோ.