பெருமாள் பையில் சொப்பு சாமான்

டிசம்பர் 17
மழை விட்டு வெயில். நட்சத்திர வயரை எலி கடிச்சிருக்கு, டேப் சுத்தினேன்.

மன்னார்புரத்துல இருந்து மருமக ஸ்டெல்லா போன். பிள்ளைங்களுக்கு இந்தக் கிறிஸ்மஸுக்கு ஒண்ணும் வாங்காதீங்க அத்தை, மூளை வளர்ற பொம்மையா ஆன்லைன்ல போட்டாச்சு, சும்மா வந்தா போதும்னா. பின்னால ரியா, அப்பாயி வாங்கிட்டு வரட்டும்னு கத்துறா. போன் கட்.

மூணாங்கிளாஸோட நின்ன எனக்கு மூளைப் பொம்மை வாங்கத் தெரியாதுன்னு அர்த்தம். சும்மா போற ஆள் நானில்லை.

மறக்காதது:
போன வருசம் தச்சுக் குடுத்த துணி யானை. பொங்கலுக்குப் போனப்ப பரண்ல, கவர் பிரிக்காம.
அதுக்கு முந்தி ஊதல். சத்தம்னு சம்பந்தியம்மா (சுருக்கமா சம்.) ஒளிச்சது.
சின்னவன் ஜோ பொறந்தப்ப. பேறுகாலம் பாக்க வேண்டியது தாய் வீடு. அங்க பெயிண்ட் வேலைன்னுட்டாங்க. நாப்பது நாள் வெந்நி போட்டது நான். சம். எட்டாம் நாள் வந்து போட்டோவுல நடுவுல நின்னாங்க. ஜோகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

டிசம்பர் 19
பனி. மூட்டு வலி. பொம்பளைங்களுக்குக் காசு வாங்காத பஸ்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மாறி ஸ்ரீரங்கம். ஏகாதசிக் கூட்டத்துக்கு மூங்கில் கட்டுறாங்க.

மரச் சொப்பு தேடி நாலு கடை. முன்னால தொங்குறதெல்லாம் பிளாஸ்டிக். கடைசிக் கடைக்காரர் உள்ள இருந்து எடுத்தார். அடுப்பு, பானை, குடம், அம்மி, கரண்டி ரெண்டு. வாயில வெச்சா சாயம் போகுமான்னேன். அவரே நாக்குல வெச்சுக் காட்டினார்.

கொலு முடிஞ்சிடுச்சேம்மான்னார். கிறிஸ்மஸுக்குன்னேன்.

"பேத்திக்கு சொப்பு சரி. பேரனுக்கு பஸ் எடுக்கட்டுங்களா?"

"ரெண்டு பேருக்கும் சொப்புதான். அவனும் சோறு திங்கிறான்ல."

பையை பஸ்ல ஏறித்தான் பார்த்தேன். பெரிய நாமம், கீழ கோபுரம்.

டிசம்பர் 22
அதிரசம் கல்லாப் போச்சு. கொண்டு போவேன்.
மாத்த வேற பை தேடினேன். கிடைச்சுது. மாத்தல. பக்கத்து வீட்டு லூர்து பார்த்துட்டு, அக்கா, சம்பந்தியம்மா சாமியாடிடுவாங்கன்னா. ஆடட்டும்.

டிசம்பர் 25
காலைப் பூசை முடிஞ்சு நேரா மன்னார்புரம். ஹால்ல குடில், சொரூபம் எல்லாம் புதுசு. சம். கண்ணு பை மேல. சிரிச்சுக்கிட்டே, அப்புறம் பிரிச்சுக்கலாம், மேல வையின்னு ஸ்டெல்லாகிட்ட. மேலன்னா பரண். தெரியாதா எனக்கு.

பையை மடியில வெச்சு உக்காந்துட்டேன். பிள்ளைங்க பிரிச்சாதான் சாப்பிட வருவேன்னேன். பிரியாணி ஆறுது. மகன் செவுத்தைப் பார்க்கிறான்.

ரியாதான் முடிச்சை அவுத்தா. அம்மி யாருக்குன்னு ரெண்டுக்கும் சண்டை. மூளைப் பொம்மை பேட்டரி இல்லாம கெடக்கு.

ஜோ அடுப்பையும் பானையையும் தூக்கிட்டுப் போய்க் குடில்ல மாதா பக்கத்துல வெச்சான். கோயில் கடைச் சாமான் இங்க எதுக்குன்னு சம். எடுக்கக் குனிஞ்சாங்க. ஜோ விடல.

"பாப்பா பொறந்திருக்குல்ல. மாதாவுக்கு வெந்நி வேணும்."

யாருடா போடுவாங்கன்னா ஸ்டெல்லா.

"அப்பாயி."

சம். நிமிர்ந்துட்டாங்க. ஸ்டெல்லா மூணு ராஜாவையும் நகத்தி அடுப்புக்கு இடம் விட்டா.

குடிலை ஜனவரி ஆறு வரைக்கும் கலைக்க மாட்டாங்க. அதுவரைக்கும் பரண்ல ஏத்துங்க பார்ப்போம்.